காசு கட்டியாச்சு, கதவைத் தட்டு

இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிற நம்ம பிள்ளை முதலில் போய் நிற்கிற இடம் பல்கலைக்கழகம் இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிற இடம். ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிற இந்தியர் யாராக இருந்தாலும், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் காசநோய் இல்லை என்று சான்றிதழ் வாங்கிய பிறகுதான் விசா கேட்க முடியும். காசநோய் யாருடைய நோய்? ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்துக் கிடக்கிறவனுடைய நோய். பஞ்சாலைத் தூசியையும் கல்குவாரித் தூசியையும் தின்றவனுடைய நோய். அது இல்லை என்று நிரூபித்துவிட்டு வா என்கிறது அந்த நாடு. சரி, நிரூபிக்கிறோம். அடுத்து பணம்.

விசாக் கட்டணம் தனி. அதோடு சேர்த்து குடியேற்ற மருத்துவக் கட்டணம் என்று ஒன்று கட்ட வேண்டும். 2014 குடியேற்றச் சட்டத்தின்படி 2015 ஏப்ரலில் இதைக் கொண்டு வந்தார்கள். அப்போது மாணவருக்கு வருடத்துக்கு 150 பவுண்டு. 2019 ஜனவரியில் 300. 2020 அக்டோபரில் 470. 2024 பிப்ரவரியில் 776. ஒன்பது வருடத்தில் ஐந்து மடங்கு. ஒரு வருட முதுகலைக்குப் போகிறவருக்கு, விசாவில் கூடச் சேரும் மாதங்களையும் கணக்குப் போட்டு, ஒன்றரை வருடத்துக்கு 1,164 பவுண்டு. நம்ம காசுக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேலே. நான்கு வருட ஆராய்ச்சிப் படிப்பு என்றால் 3,492 பவுண்டு. தவணை கிடையாது. மொத்தமும் முன்பணம். விமானம் ஏறுவதற்கு முன்னால், ஒரு தும்மல்கூட அந்த மண்ணில் தும்முவதற்கு முன்னால், நம்ம பிள்ளை அங்கத்திய ஆஸ்பத்திரிக்குக் காசு கட்டி முடித்துவிடுகிறது.

கட்டின பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம்.

நான் 2016இல் வட இங்கிலாந்து நகரம் ஒன்றில் ஒரு வருடம் படித்தவன். அந்தப் பழக்கத்தில், வெளிநாட்டில் படிக்கிற நம்ம பிள்ளைகள் சிலர் இப்போதும் என்னிடம் பேசுகிறார்கள். வீட்டு வாடகை, பகுதிநேர வேலை, குளிர், சாப்பாடு எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில்தான் உடம்பைப் பற்றிச் சொல்கிறார்கள். தர்மபுரிப் பக்கத்துத் தங்கை ஒருத்தி நான்கு மாதமாக மாதவிலக்கு நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது என்றாள். டாக்டரைப் பார்த்தாயா என்றால், “ஊர்லேருந்து மாத்திரை கொண்டாந்திருக்கேண்ணே, அத வச்சி ஓட்டிக்கிறேன்” என்கிறாள். இன்னொரு தம்பி மூன்று வாரம் காய்ச்சலோடு உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். “ஆஸ்பத்திரிக்குப் போனா ஆயிரக்கணக்குல பில்லு போடுவானாம், விசாவும் போயிருமாம்” என்றான். யார் சொன்னது? கூடத் தங்கியிருக்கிறவன் சொன்னானாம். இவன் கட்டின பணம் இவனுக்கே தெரியவில்லை. ஏஜெண்டு வாங்கின மொத்தத் தொகைக்குள் அது ஒரு வரியாக ஒளிந்து கிடக்கிறது.

இதை அறியாமை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். விவரம் தெரிந்த மேல்தட்டு அறிவாளிகள் அப்படித்தான் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்தத் தயக்கம் ஊரில் கற்றுக்கொடுக்கப்பட்ட பாடம்.

நமக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள உறவு என்ன? விடியக் கருக்கலில் பஸ் பிடித்து ஜி.எச். வாசலில் சீட்டுக்கு நிற்பது. சீட்டு எழுதுகிறவரிடம் ஒரு திட்டு, காவலாளியிடம் ஒரு திட்டு, வார்டில் இன்னொரு திட்டு. அதற்கப்புறம்தான் மருந்து. கை பிடித்து நாடி பார்க்காமலே சீட்டு எழுதுகிற டாக்டர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்தி 2006இல் நூலாக வந்த தீண்டாமை பற்றிய ஆய்வு என்ன சொல்கிறது? மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் அரசு சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்தார்கள் என்கிறது. போலியோ சொட்டு மருந்தும் காய்ச்சல் மாத்திரையும்கூட தெருவைப் பார்த்துத்தான் வந்திருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் வளர்கிற உடம்பு ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. “வலிக்குதுன்னு சொன்னா மட்டும் வந்து பார்த்துடப் போறானா” என்பாள் எங்க ஆத்தா. பனியில் நாற்று நட்டு விரலெல்லாம் வெடித்துக் கிடக்கும், வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டு படுத்துவிடுவாள். இந்தத் தாங்குசக்தியைப் புகழ்ந்து கவிதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். புகழ வேண்டிய விசயம் அல்ல அது. வைத்தியம் மறுக்கப்பட்டவர்கள் போட்டுக்கொண்ட கட்டு அது. அந்தக் கட்டோடுதான் நம்ம பிள்ளை விமானம் ஏறுகிறது.

ஆகவே முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். தலையங்கத்தில் இதெல்லாமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். நமக்கு விவரமே ஆயுதம்.

இங்கிலாந்தில் காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. ஜி.பி. என்று சொல்லப்படுகிற பகுதி மருத்துவரிடம் முதலில் பேர் பதிய வேண்டும். அவர்தான் வாசல். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சிறப்பு மருத்துவர் எல்லாம் பெரும்பாலும் அவர் எழுதிக் கொடுத்துத்தான். நோய் வந்த பிறகு பதிந்துகொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. போன முதல் வாரமே பதிய வேண்டும். ஜி.பி.யைப் பார்ப்பதற்குக் காசு இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தாலும், அறுவைச் சிகிச்சை நடந்தாலும், கட்டணம் கட்டின மாணவருக்கு அங்கத்திய குடிமக்களுக்கு உள்ள அதே ஏற்பாடுதான். உயிருக்கு ஆபத்து என்றால் 999. அவசரம்தான், ஆனால் எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 111. சின்ன விசயங்களுக்கு மருந்துக்கடைக்காரரே போதும். 2024 ஜனவரி கடைசியிலிருந்து தொண்டை வலி, காது வலி, பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்று உட்பட ஏழு கோளாறுகளுக்கு, வயதுக்கும் நோயின் நிலைக்கும் ஏற்ப, டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்தாளுநர் பார்த்து மருந்து கொடுக்கலாம்.

பதியப் போகிற இடத்தில் ஒரு சங்கதி உண்டு. நான் பதியப் போனபோது வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணி, வீட்டு முகவரிக்கு ஆதாரமாக மின்சார பில்லோ வங்கிக் கடிதமோ கேட்டார். ஆறு பேர் சேர்ந்து இருந்த வீடு, பில் எல்லாம் வேறொருவர் பேரில். வங்கிக் கணக்கு இன்னும் திறந்தபாடில்லை. “இல்லாமல் பதிய முடியாது” என்று முடித்துவிட்டார். குரல் உயரவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முடியாது. வெளியே வந்து மாணவர் சங்கத்தில் விசாரித்தேன். அங்கே ஒரு தோழர் என்.எச்.எஸ். வழிகாட்டுதலையே அச்செடுத்துக் கொடுத்தார். முகவரிச் சான்றோ அடையாளச் சான்றோ குடியுரிமைச் சான்றோ இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரைப் பதிய மறுக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. மறுநாள் அந்தத் தாளோடு போனேன். அதே பெண்மணி, அதே சிரிப்பு. ஐந்து நிமிடத்தில் பதிந்தாயிற்று. இதை அந்த அம்மாவின் கெட்ட குணம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த ஊரானாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் ‘இல்லை’ என்பதைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார். இந்தப் பக்கம் இருக்கிறவரில் திரும்பிப் போய் மறுபடி வருகிறவர் யார், அப்படியே போய்விடுகிறவர் யார் என்பதில்தான் சாதியும் வர்க்கமும் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து எந்த அலுவலகத்திலும் ‘இல்லை’ கேட்டிராத வீட்டுப் பிள்ளைக்கு அந்த ‘இல்லை’ ஒரு தவறு போலத் தெரியும். நம்ம பிள்ளைக்கு அது சட்டம் போலத் தெரியும்.

மருந்துக்கு வருவோம். டாக்டரைப் பார்க்க இலவசம், ஆனால் இங்கிலாந்தில் சீட்டில் எழுதுகிற ஒவ்வொரு மருந்துக்கும் 2024 மே முதல் 9.90 பவுண்டு. மூன்று மருந்து எழுதினால் கிட்டத்தட்ட முப்பது பவுண்டு, நம்ம பிள்ளையின் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு. இதே நாட்டின் மற்ற பகுதிகளில் இந்தக் கட்டணமே கிடையாது. வேல்சில் 2007இல் எடுத்துவிட்டார்கள், வட அயர்லாந்தில் 2010இல், ஸ்காட்லாந்தில் 2011இல். இங்கிலாந்தில் படிக்கிறவர்கள் குறைந்த வருமானத் திட்டத்தில் எச்.சி.1 என்ற படிவம் எழுதிப் போடலாம். சேமிப்பு 16,000 பவுண்டுக்குள் இருந்து, வரவு செலவுக் கணக்கில் தகுதியானால் எச்.சி.2 சான்றிதழ் வரும். மருந்து, பல், கண் பரிசோதனை மூன்றுக்கும் உதவும். வெளிநாட்டு மாணவரும் எழுதிப் போடலாம். இது ‘பொது நிதி வாங்கக் கூடாது’ என்று விசாவில் அடித்திருக்கிற தடைக்குள் வராது. இதைப் பல்கலைக்கழக வரவேற்பு விழாவில் யாரும் ஒலிபெருக்கியில் சொல்வதில்லை. பல் வைத்தியம் மட்டும் பெரும்பாடு. என்.எச்.எஸ். கணக்கில் புது ஆட்களைச் சேர்த்துக்கொள்கிற பல் மருத்துவர் கிடைப்பது அந்த ஊர்க்காரனுக்கே கஷ்டம். சொத்தைப் பல்லை ஊரிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். கண்ணாடியை இரண்டாகப் போட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொரு சிக்கல் மொழி. இங்கிலீஷில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிற பிள்ளைக்கு மொழிச் சிக்கலா என்று கேட்கலாம். உடம்பு இங்கிலீஷ் படிக்கவில்லையே! நம்மிடம் குத்தல் இருக்கிறது, குடைச்சல் இருக்கிறது, கடுப்பு, உளைச்சல், இசிவு, எரிச்சல், சுருக்குன்னு பிடிக்கிறது, விண்விண்ணுன்னு தெறிக்கிறது என்று எத்தனையோ இருக்கிறது. டாக்டரிடம் போய் உட்கார்ந்தால் எல்லாம் சேர்ந்து ‘பெயின்’ என்ற ஒற்றைச் சொல்லாகிவிடுகிறது. ஜி.பி. கொடுப்பது பெரும்பாலும் பத்து நிமிடம். அதற்குள் எங்கே, எப்போதிருந்து, எப்படி என்று சொல்லி முடிக்க வேண்டும். முதல் நாளே தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் காசில்லாமல் ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. தமிழ் என்று சொல்லிக் கேளுங்கள். பெண் பிள்ளைகள் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். பரிசோதிக்கும்போது துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று சொல்லலாம். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அங்கே கேட்காதவரைத்தான் ஒன்றும் தேவையில்லாதவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது பயம். விசா போய்விடும் என்ற பயம் வானத்திலிருந்து குதித்ததல்ல. மருத்துவக் கட்டணம் கட்டாத வெளிநாட்டார் ஆஸ்பத்திரிக்கு 500 பவுண்டோ அதற்கு மேலோ பாக்கி வைத்தால் அது உள்துறைக்குப் போகும், அடுத்த விசாவைப் பாதிக்கும். அந்த விதியைத்தான் அரைகுறையாகக் கேட்டு எல்லோருக்குமான விதியாக்கிவிட்டார்கள். முன்பணம் கட்டின மாணவருக்கு அது பொருந்தாது. மனசு சரியில்லை, தூக்கம் இல்லை, அழுகை அழுகையாக வருகிறது என்று டாக்டரிடம் சொன்னால் அதற்காக விசாவை ரத்து செய்வதில்லை. டாக்டரிடம் சொன்னது பேராசிரியருக்கும் வீட்டுக்கும் போவதுமில்லை.

ஆனால் ஒன்று உண்மை. சொல்லாமலே இருந்து, முற்றிப்போய், மாதக்கணக்கில் வகுப்புக்குப் போகாமல் படிப்பு நின்றால், பல்கலைக்கழகம் அதை உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அப்போது விசா நிஜமாகவே ஆட்டம் காணும். தோழர்களே, இந்த முரணைக் கவனியுங்கள். விசா போய்விடும் என்று பயந்து டாக்டரிடம் போகாமலிருப்பதுதான் விசா போவதற்கான வழி. சீக்கிரம் போகிறவர் சிகிச்சையும் பெறுகிறார், கடிதமும் பெறுகிறார். அந்தக் கடிதத்தைக் காட்டித் தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், கட்டுரைக்குக் கூடுதல் நாள் கேட்கலாம். வாயை மூடிக்கொண்டு தாங்கினவருக்கு ஒரு தாளும் மிஞ்சுவதில்லை.

மனசைப் பற்றிப் பேசும்போது சாதியைப் பேசாமல் முடியுமா? ஆறு இந்திய மாணவர்கள் சேர்ந்து எடுக்கிற வீட்டில் சமையலறையிலேயே சாதி விசாரணை தொடங்கிவிடுகிறது. ஊர் எது, அப்பா என்ன வேலை, என்ன சாப்பிடுவீங்க, எந்தக் கோட்டாவில் வந்தீங்க. காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். இந்த நெருக்கடியைப் பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் போய்ச் சொன்னால், பாவம், அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அது புரிவதில்லை. “வீட்டு நினைப்பா?” என்கிறார். ஆலோசகர் இந்தியராக இருந்தாலோ, பேரைக் கேட்டவுடன் நம்ம பிள்ளைக்கு நாக்கு உள்ளே போய்விடுகிறது. பிரிட்டிஷ் அரசே கேட்டு வாங்கி 2010 டிசம்பரில் வெளியான ஆய்வு, அந்த நாட்டில் வேலையிடத்திலும் சேவைகளிலும் சாதிப் பாகுபாடு இருப்பதற்குச் சான்று இருக்கிறது என்று சொன்னது. 2013இல் நாடாளுமன்றம் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று அரசுக்குக் கடமை விதித்தது. 2018 ஜூலையில் அரசு, சட்டத்தில் எழுத வேண்டியதில்லை, வழக்குத் தீர்ப்புகளே போதும் என்று கையைக் கழுவிக்கொண்டது. சட்டத்தில் பேர் இல்லாத நோய்க்கு ஆலோசகரின் படிவத்தில் மட்டும் எப்படிக் கட்டம் இருக்கும்? இருந்தாலும் சொல்லுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ‘சாதி’ என்ற சொல்லைச் சொல்லி, அது வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று விளக்குங்கள். நோயாளிதான் வைத்தியருக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. அநியாயம்தான். ஆனால் எழுதி வைக்கப்பட்ட பத்துக் குறிப்புகள் நாளைக்கு ஒரு கட்டத்தை உண்டாக்கும்.

இந்த என்.எச்.எஸ். யார் கட்டினது என்பதும் நம்ம பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். 1948 ஜூலை 5இல் அதைத் தொடங்கி வைத்த அமைச்சர் அனைரின் பெவன், பதின்ம வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினவர். அவருடைய ஊரான டிரெடிகரில் சுரங்கத் தொழிலாளிகள் கூலியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தங்களுக்கென்று மருத்துவ உதவிச் சங்கம் வைத்திருந்தார்கள். அந்த யோசனையைத்தான் அவர் நாடு முழுமைக்கும் விரித்தார். இயன்றதைக் கொடு, நோய்க்கு வேண்டியதை வாங்கிக்கொள். பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் என்றபோது 1951இல் அமைச்சர் பதவியையே விட்டெறிந்தார். பிறகு 1960களிலிருந்து அந்தச் சுரங்கப் பள்ளத்தாக்குகளிலும் தொழிற்சாலை ஊர்களிலும் வெள்ளைக்கார டாக்டர்கள் போகப் பிடிக்காத இடங்களில் ஜி.பி.யாக உட்கார்ந்தவர்களில் பலர் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து போனவர்கள். நம் நாட்டு மக்களின் வரிப்பணத்தில் டாக்டருக்குப் படித்தவர்கள். அப்படிப் பார்த்தால் நாம் கட்டின காசு 2015க்கு வெகு காலம் முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதே 1948இல்தான் இங்கே தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், நாம் இ.எஸ்.ஐ. என்று சொல்வது, நிறைவேறியது. அதற்கு அடித்தளமான அடார்க்கர் அறிக்கை 1944இல் வந்தபோது வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவரும் ஒரு வெளிநாட்டு மாணவர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். 1920லிருந்து 1923 வரை லண்டனில் அரைவயிறும் கால்வயிறுமாகப் படித்த காலத்தில் என்.எச்.எஸ். கிடையாது. 1911இல் வந்த காப்பீட்டுச் சட்டமும் கூலி வாங்குகிற தொழிலாளிக்கு மட்டும். மாணவன் படுத்தால் அவன் பாடு. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைக்கு ஒரு கதவு இருக்கிறது. ஆனால் அந்தக் கதவில் இப்போது பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சுங்கம் வசூலிக்கிறார்கள். வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கிற மாணவர் வாங்குகிற சாமானுக்கு வரி கட்டுகிறார். சம்பளம் வரம்பைத் தாண்டினால் வருமான வரியும் கட்டுகிறார். அதற்கு மேல் இந்த 776. ஒரே சோற்றுக்கு இரண்டு தடவை காசு. 2020 மே மாதம், கொரோனா நடுவில், உயிரைக் கொடுத்து வேலை பார்க்கிற வெளிநாட்டு நர்சுகளிடமே இந்தக் கட்டணம் வாங்குவதா என்று எதிர்ப்புக் கிளம்பியதும், மருத்துவ, பராமரிப்புத் தொழிலாளர்களுக்கு அதை நீக்குவதாக அரசு அறிவித்தது. கேட்டால் நீங்கும் என்பதற்கு அதுவே சாட்சி. மாணவர்களுக்காக இன்னும் உரக்கக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மற்ற நாடுகளில் கதை வேறு. அமெரிக்காவில் என்.எச்.எஸ். மாதிரி எதுவும் இல்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆனால் காப்பீடு இருந்தாலும் முதல் இவ்வளவு டாலர் உன் கையிலிருந்து, ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு பங்கு, எங்கள் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் இன்னும் கூட என்று அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். 1986ஆம் வருடச் சட்டப்படி அவசர சிகிச்சைப் பிரிவு யாரையும் பார்க்காமல் அனுப்ப முடியாது. பார்ப்பார்கள், பில் பின்னால் வரும். எதிர்பாராத பில்லைத் தடுக்க 2022இல் அமலுக்கு வந்த சட்டமும் சாலையில் ஓடுகிற ஆம்புலன்சை விட்டுவிட்டது. அங்கே போகிற பிள்ளைகள் படிப்புக்கான புத்தகத்துக்கு முன்னால் காப்பீட்டுப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிற மாணவர் மருத்துவ மையத்துக்குத்தான் முதலில் போக வேண்டும்.

ஜெர்மனியில் இன்னொரு விதம். அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில் மாணவருக்குக் குறைந்த கட்டணம் உண்டு, ஆனால் முப்பது வயது வரைதான். முப்பது என்பது யார் கணக்கு? பள்ளி, கல்லூரி, மேல்படிப்பு என்று எங்கேயும் நிற்காமல் ஓடினவனுடைய கணக்கு. நம்ம பிள்ளை பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிற்கும். தங்கை கல்யாணக் கடன் அடைக்க மூன்று வருடம். அதற்கப்புறம்தான் எம்.ஏ. நம் அரசாங்கத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையே 35 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்கிறது, இந்த உண்மையை ஒப்புக்கொண்டுதான். 32 வயதில் உதவித்தொகையோடு போய் இறங்கினால் அங்கே மாணவர் காப்பீட்டு வாசல் மூடியிருக்கும். போவதற்கு முன்னாலேயே வேறு வழி பார்த்து வைத்திருக்க வேண்டும்.

அந்த உதவித்தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. வருடத்துக்கு மொத்தம் 125 இடம், நாடு முழுமைக்கும். 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் கொடுத்துவிட்டு, மற்றவர்களை நிதி வந்தால் பார்க்கலாம் என்று காக்க வைத்தார்கள். வகுப்பு தொடங்க இரண்டு மாதம்கூட இல்லாத நேரம். மருத்துவக் கட்டணத்தை விசா கேட்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும் என்று மேலே சொன்னேன். கடிதம் தள்ளிப் போனால் அந்தப் பணத்தை எங்கே புரட்டுவது? ஐந்து வட்டிக்கு வாங்கிக் கட்டின காசில் வாங்கின மருத்துவ உரிமையைப் பயன்படுத்தவும் தெரியாமல் திரும்பி வருகிற கொடுமையை நாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே அரசிடம் கேட்கிறோம். எந்த நாடானாலும் மருத்துவக் கட்டணமும் காப்பீடும் பேர் சொல்லி உதவித்தொகையில் எழுதப்பட வேண்டும். விசாவுக்கு முன்னால் கைக்கு வர வேண்டும். பல்லும் கண்ணும் அதில் சேர வேண்டும். முப்பது தாண்டினவருக்கு ஆகிற கூடுதல் செலவும் சேர வேண்டும். பிள்ளைகளை அனுப்பிவிட்டு மதிப்பெண் அறிக்கை மட்டும் கேட்கிற அரசு, அவர்கள் உயிரோடும் உடம்போடும் இருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வெளிநாடு போகும்போது பேனர் வைக்கிறோம், மாலை போடுகிறோம், படம் எடுக்கிறோம். அந்தப் பேனர் காசில் ஒரு பிள்ளைக்கு எச்.சி.1 படிவம் எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுக்கிற ஒரு கூட்டம் போடலாம். ஏற்கனவே போய் வந்தவர்கள் நாட்டுக்கு ஒருவராகப் பொறுப்பெடுக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு அடைக்கிறது என்று ஒரு தங்கை போன் செய்தால், “999 அடி, நான் லைன்ல இருக்கேன்” என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். இந்த இதழின் பக்கங்களை அதற்குத் திறந்துவிடுகிறேன். எந்த நாட்டில் எந்தக் கதவு எப்படித் திறந்தது, எந்த மேசையில் என்ன சொல்லி மறுத்தார்கள், அதற்கு எந்த விதியைக் காட்டினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். பேர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். நீங்கள் அங்கே தர்மத்துக்கு நிற்கவில்லை. உங்கள் அப்பன் ஆத்தா உழைப்பில் முன்பணம் கட்டிவிட்டுத்தான் அந்த நாட்டுக்குள் கால் வைத்திருக்கிறீர்கள். போன வாரமே பதியுங்கள். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். ‘இல்லை’ என்றால் எந்த விதிப்படி இல்லை என்று கேளுங்கள். தாங்கிக்கொள்ள வேண்டிய அளவுக்கு மேலேயே நம் பாட்டன் பூட்டன் தாங்கியாயிற்று.

– ஆசிரியர்